நாற்பது நாள் கழித்துத் திருத்திய தாள்கள்

“நீயே கேள்வி கேக்குற, நீயே பதில் எழுதுற, மார்க்குப் போடுறவளும் நீயே. பெறகு எதுக்குத்தா பஸ்சு ஏறிப் பரிச்சைக்குப் போற? வீட்லயே வக்கீலாயிர வேண்டியதுதான?”

அத்தை இதைக் கேட்டது ஒரு பங்குனி மாதத்து மதியம். அவள் அப்பாவின் அக்கா. போடியில் குரங்கணி போகும் ரோட்டோரம் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. மூன்று மணி நேரமாகச் சாத்திக் கிடந்த கதவை நான் அப்போதுதான் திறந்திருந்தேன். என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. தரையில் நான் எழுதி நானே திருத்திய இருபத்திரண்டு பக்கங்கள் கிடந்தன. ஒப்பந்தச் சட்டத்தின் பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, தேர்வு எழுதுவது போலவே வீட்டில் எழுதிப் பார்த்திருந்தேன். முதல் பக்கத்தில் அறுபத்தெட்டு என்று போட்டு வட்டமிட்டிருந்தேன். அத்தைக்கு எழுத்து தெரியாது, ஆனால் பஸ் நம்பர் பார்த்துப் பழகியதால் எண்கள் தெரியும். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

“மாதிரித் தேர்வுன்னா இப்படித்தான் அத்தை. உங்களுக்குச் சொன்னாப் புரியாது.”

“எனக்கு என்ன புரியாது? உங்கப்பன் ஏலக்காயைக் காய வச்சுட்டு, நெறம் பிரமாதம்னு அவனே சொல்லிக்கிட்டா மொதலாளி ஒத்துக்கிருவாரா?”

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வயதில் பதில் தெரியாத எல்லாவற்றுக்கும் நான் கதவைத்தான் சாத்தினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பள்ளி வாசலை என்னைச் சேர்க்க வந்தபோதுதான் மிதித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது எங்கள் தெருவில் யாருக்கும் சட்டக் கல்லூரி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கழுத்து நிமிர்கிறது. அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அந்த நிமிர்ந்த கழுத்தோடுதான் முதல் பருவத்தில் ஒப்பந்தச் சட்டத்தில் தோற்றேன். நூற்றுக்கு முப்பத்தேழு. தேர்ச்சிக்கு நாற்பத்தைந்து வேண்டும்.

மற்ற பாடங்கள் எல்லாம் தேறியிருந்தன. இது ஒன்று மட்டும் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. திருத்தியவருக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன். விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்கான கடைசி நாளும் என் கோபத்திலேயே கழிந்தது. வகுப்பில் எல்லோரும் இருந்த போன் குழுவில் ஒருவன் தேறாதவர்களின் எண்களைப் பட்டியலாகப் போட்டான். அன்றே அந்தக் குழுவிலிருந்து விலகினேன். அதற்குப் பிறகு கல்லூரியில் என்னோடு பேச யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நானும் யாருக்கும் காரணம் கொடுக்கவில்லை.

வீட்டிலும் பகலெல்லாம் நான் மட்டும்தான். அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலையில் இருக்கிறார். பறிப்புக் காலத்தில் ஒரு சுத்து முடிந்தால்தான் கீழே இறங்குவார். அம்மா போடியிலேயே ஒரு ஏலக்காய்க் கூடத்தில் காய் பொறுக்குகிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத் திரும்புவாள். படிப்பதற்கு வசதியான வீடு என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஒரு சொல் பேசவும் ஆள் இல்லாத வசதி அது.

அந்த வசதியை நான் முழுக்கப் பயன்படுத்தினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மூன்று பழைய கேள்வித்தாள்கள் எடுத்து வந்தேன். விடுமுறை நாட்களில் பத்து மணிக்குக் கதவைச் சாத்துவேன். போனில் மூன்று மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடுவேன். தண்ணீர் பாட்டிலும் இரண்டு பேனாவும் பக்கத்தில் இருக்கும். இடையில் எழுந்திருக்க மாட்டேன். அலாரம் அரிசிக்குள்ளிருந்து முனகும்போது, பாதி வாக்கியத்தில் இருந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். தேர்வுக் கூடத்தின் விதிகளில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவர்கள்கூட அத்தனை கண்டிப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

எழுதி முடித்தவுடன் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்துவேன். அங்கேதான் நான் என்னை ஏமாற்றிக்கொண்டேன். அது அப்போது எனக்குத் தெரியவில்லை. எழுதிய சூடு ஆறுவதற்குள் படித்தால், எழுதாமல் விட்ட வரியையும் மனசு சேர்த்துப் படித்துவிடும். நான் சொல்ல நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியுமே. அதற்கும் சேர்த்து மார்க் போடுவேன். அதோடு, அந்த மூன்று தாள்களையே திரும்பத் திரும்ப எழுதினேன். நான்காவது முறை கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததுமே பழைய விடை கைக்கு வந்தது. அதைப் படிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அறுபத்தெட்டு வாங்கியவள் சித்திரையில் போய் மறுபடி எழுதினேன். ஆடி பிறந்ததும் ரிசல்ட் வந்தது. நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே கணவாயிலிருந்து வரும் ஆடிக் காற்று அன்று ஆளைத் தள்ளியது. துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு போனைப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

நான்கு மாதத்துக்கு ஒரு மார்க்.

அம்மாவிடம் சொன்னேன். “ஒண்ணு கூடித்தான இருக்கு?” என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதை ஒரு முன்னேற்றமாகப் பார்த்தாள். நான் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த வாரம் அம்மா வேலை செய்யும் கூடத்திலிருந்து ஒரு சேதி வந்தது. அங்கே பொறுக்கும் பெண்களை மேற்பார்க்கும் பெண்மணி தன் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போகிறார், இனி வரமாட்டார். அந்த இடத்துக்குப் படித்த பெண்ணாக ஒருத்தி வேண்டும். முதலாளி அம்மாவிடம், “உன் மகளை வரச் சொல்லேன், மார்கழி பொறக்கிறதுக்குள்ள சொன்னாப் போதும், அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். அடுத்த தேர்வு கார்த்திகைப் பாதியில். அதன் ரிசல்ட் வரத் தையோ மாசியோ ஆகிவிடும். அதனால் தேறினேனா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே நான் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது தடவையும் தோற்றால் படிப்பை விடுவதாக எனக்குள் முடிவு செய்திருந்தேன். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் தோற்றால் இரண்டும் இல்லை.

அந்தக் கூடத்துக்குச் சின்ன வயதில் நான் நிறையப் போயிருக்கிறேன். வரிசையாகப் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். வெடித்த காய், கறுத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாவற்றையும் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். மேற்பார்க்கும் பெண் பின்னால் நடந்து வருவாள். ஒவ்வொரு முறத்திலும் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பாள். இரண்டு காய் மோசமாக இருந்தால் முழு முறத்தையும் குவியலில் திருப்பிக் கொட்டுவாள். மறுபடி முதலிலிருந்து பொறுக்க வேண்டும். நான் அந்த வேலைக்குப் போனால் அம்மாவின் முறத்திலும் கை விட வேண்டும்.

அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. கூடத்துப் பெண்கள் அவளைக் கேலி செய்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

“‘இனிமே ஒன் மகதான் எங்களுக்கு அதிகாரி. டீக்குப் பத்து நிமிசம் விடச் சொல்லுக்கா’ங்கிறாளுக. நான் சொன்னேன், எனக்கு வேணா விடுவா, ஒங்களுக்கு எதுக்குடி விடப் போறா?”

“உங்களையும் விட மாட்டேன்.”

“விடாட்டிப் போ. காலையில ரெண்டு பேரும் சேந்து நடந்து போலாம்ல.”

அவள் அதை விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. பத்து வருடமாக அவள் தனியாகத்தான் அந்த ரோட்டில் நடந்து போகிறாள்.

ஆடிப் பாதிக்குள் மறுபடி மாதிரித் தேர்வுகள் எழுத ஆரம்பித்தேன். இந்த முறை பழைய மூன்று தாள்களைத் தொடவில்லை. வேறு ஊர்க் கல்லூரிகளின் தாள்களைத் தேடி எடுத்தேன். ஆனால் எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுக்கப் பயமாக இருந்தது. அறுபத்தெட்டு என்ற அந்த வட்டம் நினைவுக்கு வந்தது. அத்தை சொன்னதுதான் சரி, நான் போடும் மார்க்கை நான் நம்பக் கூடாது. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? கல்லூரியில் யாரிடமாவது கொடுத்துத் திருத்தச் சொல்லலாம் என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டேன்.

அன்று அப்பா மேலே கிளம்பிக்கொண்டிருந்தார். ஆடிப் பாதியில் முதல் சுத்துப் பறிப்புத் தொடங்கும். ஏலச் செடியில் எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றாது. முற்றியதை மட்டும் பறித்துக்கொண்டு போய்விட்டு, ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வருவார்கள். எங்கள் வீட்டில் நாட்களை எண்ணுவதே அந்தச் சுத்துகளை வைத்துத்தான். அப்பா ஜீப்புக்காகக் காத்திருக்கையில் நான் எழுதி வைத்திருந்த இரண்டு தேர்வுகளின் தாள்களையும் சணலால் கட்டினேன். மூலையில் ஒரு காலிக் காய்ச் சாக்கு கிடந்தது. உள்ளே கறுப்புப் பாலிதீன் போட்டது. தாள்களை அதற்குள் போட்டு வாயைக் கட்டினேன்.

“என்னத்தா மூட்டை கட்டுற?” என்றார் அப்பா.

“நீங்க எறங்கி வர்ற அன்னைக்குத்தான் இதைத் தொறப்பேன்.”

“அப்ப நான் வெரசா வரணும்கிற.”

“இல்லப்பா. நாப்பது நாள் கழிச்சே வாங்க.”

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. நான் கவனித்தேன். ஆனாலும் விளக்கிச் சொல்லவில்லை. ஜீப் வந்துவிட்டது.

நாற்பது நாளில் எனக்கே என் எழுத்து அந்நியமாகிவிட்டது. சாக்கைத் திறந்தபோது தாள்களில் ஏலக்காய் வாசனை ஏறியிருந்தது. யாரோ எழுதியது போல எடுத்துப் படித்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று நினைவில்லை. தாளில் இருந்தது மட்டும்தான் இருந்தது. வரையறையும் விளக்கமும் கேட்கும் நேரடிக் கேள்விகளுக்கு விடைகள் சுமாராக இருந்தன. ஒரு சம்பவத்தைக் கொடுத்து, இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் கேள்விகள்தான் மோசம். ஐந்தில் ஒன்றுக்குக்கூட என்னால் பாதி மார்க் போட முடியவில்லை. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. முடிவுகளைப் படித்தால் நியாயமாகத்தான் இருந்தன. இரண்டு தாளுக்கும் சேர்த்துச் சராசரியாக முப்பத்தாறு போட்டேன். முதல் முறையாக நான் போட்ட மார்க்கும் கல்லூரி போட்ட மார்க்கும் பக்கத்தில் வந்தன. அழ வேண்டிய நேரத்தில் ஒரு நிம்மதி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா முறத்தில் துவரம்பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு கதை பேசினாள். நான் தாளை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

“அப்பிடி என்னதான் கேக்குறான் அதுல? வாசி, நானும் சொல்றேன்,” என்றாள் அத்தை.

கிண்டல்தான். ஆனாலும் வாசித்தேன். அவர்களுக்குப் புரியும்படி மாற்றிச் சொன்னேன்.

“ஒருத்தரு கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கிற சரக்கை இன்னொருத்தருக்கு விக்கிறாரு. பேசி முடிச்சு முன்பணமும் வாங்கிட்டாரு. ஆனா அவங்க பேசுறதுக்கு முந்தியே கப்பல் கடல்ல முழுகிப் போச்சு. ரெண்டு பேருக்குமே அது தெரியாது. இப்ப என்ன செய்யணும்?”

“ஐயோ, கப்பல்ல ஆளுக இருந்தாங்களா?” என்றாள் அம்மா.

“அது கேள்வியில இல்லம்மா.”

“அதைக் கேக்காம என்ன கேள்வி இது?”

அத்தை அம்மாவைக் கையமர்த்தினாள். “இரு. வித்தவன் வசதியானவனா, வாங்குனவன் வசதியானவனா?”

“அதுவும் இல்ல அத்தை.”

“ஒண்ணையும் சொல்லாமத் தீர்ப்பைச் சொல்லுன்னா எப்பிடித்தா? சரி. நம்ம மெட்டுல ஜீப்பு கவுந்த மாதிரின்னு வச்சுக்க. ரெண்டு பேரும் வேணும்னு செய்யல. அப்ப ஆளுக்குப் பாதி நட்டத்தை ஏத்துக்கிடணும். அடுத்த லோடுல பாத்துப் போட்டுக் குடுத்துக்கிற வேண்டியது. மொகத்தை முறிச்சுக்கிடக் கூடாது. நாளைக்கும் அவங்கதான யாவாரம் பண்ணணும்?”

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நாற்பது நாளுக்கு முன் என் கையெழுத்தில் நான் எழுதியிருந்தேன்: இருவரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. எனவே நட்டத்தை இருவரும் சமமாக ஏற்பதே நியாயம். அவர்களுடைய வணிக உறவு கெடாமல் தொடர வேண்டும்.

அடுத்த கேள்வியின் விடையைப் புரட்டினேன். அதிலும் சமாதானம். அதற்கடுத்ததில், பாவப்பட்டவன் யார் என்று பார்த்து அவன் பக்கம் தீர்த்திருந்தேன். ஐந்து கேள்வியிலும் நான் சட்டம் எழுதவில்லை. எங்கள் தெருவில் ஒரு சண்டை வந்தால் நான்கு பேர் கூடி எப்படி முடித்து வைப்பார்களோ, அதை நல்ல தமிழில் எழுதியிருந்தேன். பிரிவு எண்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. நேரடியாகக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் இரண்டு மனிதர்களும் ஒரு நட்டமும் கண்ணுக்கு முன் வந்தால் புத்தகம் மறந்து, வளர்ந்த தெரு முன்னால் வந்துவிடும்.

நான் சிரித்துவிட்டேன்.

“என்ன சிரிக்கிற? தப்பாச் சொல்லிட்டனா?”

“தப்பு இல்ல அத்தை. நீங்க போய் எழுதியிருந்தாலும் முப்பத்தெட்டுதான்.”

“முப்பத்தெட்டா? பள்ளிக்கூடமே போகாம முப்பத்தெட்டா!” அத்தைக்கு ஒரே பெருமை. தெருவில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லிவிட்டும் வந்தாள்.

அத்தை சொன்ன தீர்ப்பு மோசமான தீர்ப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அந்த இரண்டு வியாபாரிகளும் நேரில் வந்து கேட்டால் நானும் அதையே சொல்லக்கூடும். ஆனால் தேர்வில் கேட்டது அது அல்ல. ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு பொருள் இல்லாமலே போனது இருவருக்கும் தெரியாதென்றால், இருபதாவது பிரிவின்படி அந்த ஒப்பந்தமே செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தில் பாதி என்ன, முழுசென்ன? வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அறுபத்தைந்தாவது பிரிவு. அவ்வளவுதான். யார் வசதியானவர் என்று சட்டம் அந்த இடத்தில் கேட்பதில்லை. கப்பலில் ஆட்கள் இருந்தார்களா என்றும் கேட்பதில்லை.

அன்று மாலை அவர்கள் இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் தாளோடு இருந்தேன். வீட்டில் ஆள் இல்லாத பகல்களைவிட அந்த மாலைதான் எனக்குத் தனிமையாக இருந்தது. நான் தேற வேண்டுமானால், ஒரு கேள்வியைப் பார்த்ததும் இந்த இரண்டு பேருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்ற வேண்டும். அவர்கள் முதலில் கேட்பதை நான் கேட்கக் கூடாது. படித்தவள் என்று நிமிர்ந்தபோதெல்லாம் இதற்குத்தான் நிமிர்ந்தேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதிரித் தேர்வு எழுதும் முறையை மாற்றினேன். சம்பவக் கேள்வி வந்தால் விடையைத் தொடங்குவதற்கு முன் ஓரத்தில் இரண்டு வரி எழுதுவேன். எந்த உண்மை முக்கியம், எந்தப் பிரிவு. முடிவைக் கடைசி வரியில்தான் எழுதலாம். நியாயம், பாவம், மனசாட்சி என்ற மூன்று சொற்களுக்கும் விடைத்தாளில் தடை. திருத்தும்போது முதல் ஐந்து வரிக்குள் பிரிவு வரவில்லையென்றால், முடிவு சரியாக இருந்தாலும் மார்க் கிடையாது. பிறகு ஒரே கேள்வியில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி நானே புதுக் கேள்வி செய்தேன். கப்பல் முழுகியது விற்றவருக்கு முன்பே தெரிந்திருந்தால்? பேச்சு முடிந்த மறுநாள் முழுகியிருந்தால்? ஒரு சொல் மாறினால் பிரிவே மாறியது. அந்தக் கப்பலை ஆவணியிலிருந்து ஐப்பசி வரை எத்தனை விதமாக முழுக வைத்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவின் கேள்வி காதில் விழும். தள்ளிவிட்டு எழுதுவேன்.

இரண்டாவது கட்டு நாற்பத்திநான்கு காட்டியது. மூன்றாவது கட்டை ஐப்பசி பிறந்ததும் சாக்கில் போட்டேன். அது உள்ளே இருந்த நாட்களிலும் ஞாயிறுதோறும் ஒரு தேர்வு எழுதினேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் அலாரம் அடித்த பிறகு கதவைத் திறந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவரோரம், தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். காலடியில் அவருடைய துணிப்பை.

“எப்பப்பா வந்தீங்க?”

“பதினொன்னு இருக்கும். மேல மழை. பறிப்பு நின்னுபோச்சு, ரெண்டு நாள் முந்தியே எறங்கிட்டோம்.”

“கதவைத் தட்ட வேண்டியதுதான?”

“உள்ள சத்தமே இல்ல. பரிச்சை நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

இரண்டு மணி நேரம். பக்கத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அத்தை சத்தம் போடுவாள், எனக்குக் கேட்கும் என்று போகவில்லை. கதவைத் திறக்கக் கூடாது என்பது நான் எனக்கு வைத்த விதி. அதை மதித்தது அவர். துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே மூலையைப் பார்த்தார்.

“மூட்டையைத் தொறக்க வேண்டாமா? நான்தான் வந்துட்டனே.”

“இன்னும் ரெண்டு நாள் இருக்குப்பா.”

“சரி சரி,” என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் முன்னால்தான் சாக்கைத் திறந்தேன். அவர் ஒரு தாளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். அந்தக் கட்டுக்கு ஐம்பத்திமூன்று போட்டேன். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் குறைத்துப் போட்டும் ஐம்பத்திமூன்று.

அடுத்த வாரம் போய்த் தேர்வு எழுதினேன். சம்பவக் கேள்வி ஒன்றில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் வயதை மறைத்து ஒரு கடைக்காரரிடம் ஒப்பந்தம் போடுகிறான். படித்தவுடன் கடைக்காரர் பாவம் என்று தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டேன். ஓரத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுத் தொடங்கினேன்.

மார்கழி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. ரிசல்ட்டுக்கு இரண்டு மாதம். என்னிடம் இருந்ததெல்லாம் ஐம்பத்திமூன்று என்ற ஒரே ஓர் எண். நானே கேட்டு, நானே எழுதி, நானே போட்ட எண். அதை நம்பினால் வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். பத்து நாள் அந்த எண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அறுபத்தெட்டும் என் கைதான் போட்டது. ஆனால் அறுபத்தெட்டைப் போட்டபோது நான் என் பக்கம் இருந்தேன். ஐம்பத்திமூன்றைப் போட்டபோது எதிர்ப்பக்கம் இருந்தேன். அந்த ஒரு வித்தியாசத்தை நம்பி, பதினோராவது நாள் அம்மாவோடு கூடத்துக்கு நடந்து போனேன்.

முதலாளி தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“வந்துட்டியா? இன்னைக்கே ஆரம்பிச்சுக்கிறயா?”

“இல்லண்ணே. நான் படிக்கப் போறேன். வேற ஆளைப் பாத்துக்கங்க.”

“ரிசல்ட் வந்துருச்சா?”

“இன்னும் வரல.”

“வராமலேவா?” அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்குள் தன் இடத்தில் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. பக்கத்திலிருந்த பெண், “போச்சுக்கா, ஒன் டீ போச்சு,” என்றாள். அம்மா சிரித்தாள். காலையில் சேர்ந்து நடந்தது அந்த ஒரு நாள்தான். திரும்பும்போது நான் தனியாக வந்தேன்.

மாசியில் ரிசல்ட் வந்தது. நாற்பத்தொன்பது.

தேறிவிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்தேன், கூடத்தில் யாரோ விசில் அடித்தது கேட்டது. அப்பா இருக்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காது, அவருக்கு ஜீப்பில் சொல்லி அனுப்பினேன். அத்தை வாசலில் வந்து நின்று, “எவ்வளவு போட்ருக்கான்?” என்று கேட்டாள். சொன்னேன்.

“நீ எவ்வளவு போட்டிருந்த?”

“அம்பத்திமூணு.”

“நாலு கூடப் போட்டுக்கிட்ட,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சரிதான். நாற்பது நாள் ஆறவிட்டும், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தும், நான்கு மார்க் எனக்கு நானே கூட்டித்தான் போட்டிருக்கிறேன். அந்த நான்கை என்னால் குறைக்க முடியாது. அது வேறு ஒருத்தர் கையில்தான் குறையும்.

எங்கள் வகுப்பில் ராசிங்காபுரத்திலிருந்து வரும் ஒரு பெண் இருக்கிறாள். முதல் வரிசையில் உட்காருவாள். போடியில் பஸ் மாறி, நான் ஏறும் அதே பஸ்ஸில் ஏறுவாள். முதல் வருடம் என்னிடம் வந்து நோட்ஸ் வேண்டுமா என்று கேட்டாள். என்னிடமே இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டு சீட் இடைவெளியில் பேசாமல் போய் வந்துகொண்டிருந்தோம்.

போன ஞாயிறு சொத்துரிமைச் சட்டத்தின் முதல் மாதிரித் தேர்வை எழுதினேன். சாக்கில் போடவில்லை. பெயர் எழுதாமல், பதிவு எண்ணை மட்டும் மேலே எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

“இதைக் கொஞ்சம் திருத்தித் தர்றீங்களா? நூத்துக்கு.”

அவள் தாளையும் என்னையும் பார்த்தாள். “நானா? எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாதுங்க.”

“பரவால்ல. சந்தேகம் வந்தாக் கொறச்சுப் போடுங்க.”

வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் என் சீட்டுக்குத் திரும்பினேன். இன்று வியாழன். இன்னும் திருப்பித் தரவில்லை.